மலையில் இரண்டு இரவு



மத்தூரைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்கு மலை புதியதன்று. எத்திசை நோக்கினும் குன்றும் கரடுமாகக் காட்சியளிக்கும் நாடு நம்முடையது. ஆயினும் மலையைக் கண்டு மகிழ்வது வேறு. மலைமீது இராத்தங்கி வருவது வேறு. அரையாண்டு விடுமுறையில் மாணவர் பத்துப்பேர் ஓர் ஆசிரியரின் துணையோடு இரண்டு இரவு மலைமேல் தங்கிவர விரும்புகின்றனர் என்று வைத்துக்கொள்வோம். கூடாரம் எங்கே கிடைக்கும், புகைப்படக் கருவி யாரிடம் உண்டு என்பனவே முதலில் எழும் கேள்விகள். அவை கடைசியில் எழவேண்டியவை. மலைப்பயணத்தின் பெரும்பகுதி ஊரிலேயே, தாளும் பென்சிலும் கையில் கொண்டு நடந்தேற வேண்டும் என்பதே யான் இன்று கூற வந்த செய்தி.

எந்த மலைக்குச் செல்வது? மேற்கே ஓசூர், தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகள் அழகிற் குறைந்தவை அல்ல. ஆனால் அவற்றில் பெரும்பகுதி யானைகளின் இருப்பிடம். 2014-ஆம் ஆண்டில் அங்கே காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பெற்றது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் கர்நாடகத்துப் பன்னார்கட்டாக் காடுகளிலிருந்தும் யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து வருகின்றன. யானைக்கு மாநில எல்லை ஏது? அக்காட்டில் நம் விருப்பம்போல் கூடாரமடிக்கச் சட்டமும் இடந்தராது, அறிவும் இடந்தராது.

ஆகவே கிழக்கே திரும்புவோம். திருப்பத்தூர் சென்று, பொன்னேரி வழியாக ஏறினால் ஏலகிரி. கடல் மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் பதினான்கு சிற்றூர்கள் கொண்ட மலை அது. ஏறும் பாதையில் 14 கொண்டையூசி வளைவுகள். அவற்றுக்குப் பாவேந்தர், கபிலர், ஔவையார் எனத் தமிழ் வளர்த்தோர் பெயர்களையும் வள்ளல்கள் பெயர்களையும் சூட்டியிருக்கின்றனர். மேலே மக்கள் வாழ்கின்றனர், கடை உண்டு, பேருந்து உண்டு. மாணவர் குழுக்கள் தங்கும் முகாம்களும் குடில்களும் உள்ளன. முதற் பயணத்துக்கு இதனினும் தக்க இடம் நமக்கு அருகில் இல்லை என்பது என் கருத்து. ஆளில்லாக் காட்டில் தங்குவதே வீரம் என்று எண்ணுவோர் நாலைந்து பயணம் முடித்த பின்னர் அதைப்பற்றிப் பேசலாம். மேலைநாட்டார், படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த வண்டி வீடுகளில் மலைக்குச் செல்கின்றனர். நம் நாட்டிலும் அவ்வண்டிகள் தலைகாட்டத் தொடங்கியுள்ளன. ஆனால் அந்தப் பதினான்கு வளைவுகளில் அத்தகைய நீண்ட வண்டியை ஓட்டுவோரின் முகத்தை ஒருமுறை பார்த்தால் நமக்குப் பேருந்தே போதும் என்று தோன்றிவிடும்.

அடுத்தது காலம். இங்கேதான் உயிர் அடங்கியிருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடந்ததை நீங்கள் கேள்வியுற்றிருப்பீர்கள். கொழுக்குமலையிலிருந்து இறங்கிவந்த இரு குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பெரும்பாலோர் இளைஞர், கற்றவர்கள், பணியிலிருந்தவர்கள். மார்ச் மாதத்தில் மலைச்சரிவுப் புல் வைக்கோலினும் உலர்ந்து கிடக்கும். தீ சமதரையைவிட மேட்டை நோக்கி மிக விரைவாகப் பாய்வது. கீழே எரியும் சுடர் மேலேயுள்ள புல்லை முன்கூட்டியே சூடேற்றிப் பற்றுதற்கு ஆயத்தமாக்கி வைக்கிறது. பகற் காற்றும் பெரும்பாலும் சரிவில் மேல்நோக்கியே வீசுகிறது. மனிதனோ மேட்டில் ஏறும்போது வேகம் இழக்கிறான். இந்தக் கணக்கில் வெற்றி யாருக்கு என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அந்நிகழ்ச்சிக்குப் பின் மலைநடைக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபரில் மாநிலமெங்கும் 40 பாதைகளைத் தேர்ந்து, முன்பதிவு செய்துகொண்டு, பயிற்சி பெற்ற வழிகாட்டியுடன் செல்லும் ஏற்பாட்டையும் தொடங்கியது. காட்டுத்தீப் பருவத்தில் இப்பாதைகள் மூடப்படுகின்றன. பள்ளி முழுவாண்டுத் தேர்வு முடிந்ததும் புறப்படலாம் என்னும் திட்டம் எவ்வளவு இனிமையாகத் தோன்றினும் அதைக் கைவிடுங்கள். மழை ஓய்ந்து பசுமை மாறாத மார்கழியும் தையும் நமக்கு உகந்தவை. அப்போதுங்கூடக் கூடாரத்தின் முன் கணப்பு மூட்டிச் சுற்றி அமரும் ஆசையை, முகாமில் அதற்கென்று கல் அடுக்கிய இடம் இருந்தாலன்றி, அடக்கிக்கொள்ளல் வேண்டும்.

நீரைப்பற்றிச் சொல்லுமுன் நம் வட்டாரத்து வரலாறு ஒன்றை நினைவுபடுத்துகிறேன். 1792-இல் திப்பு சுல்தானுடன் நடந்த ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் என்னும் இந்நிலப்பகுதி ஆங்கிலக் கம்பெனியாரின் கைக்கு வந்தது. அதை அளந்து வரி விதிக்கக் கேப்டன் ரீடின் கீழ் வந்த உதவியாளருள் ஒருவர் தாமஸ் மன்றோ. 1799 வரை ஏழாண்டுக் காலம் ஊர் ஊராகக் கூடாரத்தை எடுத்துச் சென்று பணிசெய்தவர் அவர். கூடார வாழ்க்கையில் அவரினும் பழகியவர் நம் பக்கத்தில் இருந்திருக்க முடியாது. அம்மன்றோ பின்னர்ச் சென்னை ஆளுநராகி, 1827 ஜூலை 6 அன்று சுற்றுப்பயணத்தின் நடுவே, இன்றைய ஆந்திரத்துப் பத்திகொண்டாவில் வாந்திபேதியால் இறந்தார். அந்நோய் குடிநீர்வழிப் பரவுவது என்பதை ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் லண்டன் தெருக்குழாய் ஒன்றை ஆராய்ந்து எடுத்துக்காட்டியது 1854-இல். ஆளுநருக்கு இருந்த பரிவாரம் நமக்கு இல்லை. அவருக்கு எட்டாத அறிவு நமக்கு இருக்கிறது.

மலையோடை நீர் பளிங்குபோல் தெளிந்திருக்கலாம். மேலே மாடு படுத்திருப்பதை அத்தெளிவு காட்டாது. ஏலகிரியின் உயரத்தில் நீர் 100 டிகிரிக்குப் பதிலாக ஏறத்தாழ 96 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் பருப்பு வேகச் சற்று நேரமாகுமேயன்றி நோய்க்கிருமி பிழைக்காது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். இனி எடையைக் கணக்கிடுங்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்குக் குடிக்க மட்டும் நான்கு லிட்டர் என்று கொண்டால், ஆசிரியரோடு சேர்த்துப் பதினொருவருக்கு இரண்டு நாளைக்கு 88 லிட்டர், அதாவது 88 கிலோகிராம். சமையலுக்கும் கழுவுதற்கும் வேண்டியது இதிற் சேரவில்லை. இவ்வளவையும் சுமந்து செல்ல இயலாது. ஆகவே நீர் கிடைக்கும் இடத்தை முன்னரே விசாரித்துக்கொண்டு, கொதிக்க வைக்கும் பாத்திரத்தைச் சுமப்பதே முறை. அரிசி, பருப்பு, வெல்லம், அவல் ஆகியவற்றைப் போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் வாங்கிவிடலாம்.

குளிரைப் பலரும் குறைத்து எண்ணிவிடுகின்றனர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறக்குறைய ஆறரை டிகிரி குறையும். மேலும், இரவில் கனத்த குளிர்காற்று நீர்போல் வழிந்து பள்ளத்தில் தங்கும். எனவே பள்ளத்தில் கூடாரம் அடித்தவன் நடுங்குவான். மேட்டு விளிம்பில் அடித்தவன் காற்றில் அலைவான். இடைப்பட்ட திட்டே நல்லது. ஓடைப்படுகை, அது எவ்வளவு உலர்ந்திருப்பினும், ஆகாது. போர்வையைவிடத் தரையில் விரிக்கும் தடித்த பாய் முதன்மையானது. உடற்சூட்டைத் தரையே மிகுதியாக உறிஞ்சிக்கொள்கிறது. இதை அறியாமல் மேலுக்கு மூன்று கம்பளி போர்த்தியும் உறங்காதவர் உண்டு.

மலைமடிப்புகளில் கைப்பேசி பல இடங்களில் ஊமையாகிவிடும். ஆதலால் புறப்படும் நாளன்று ஒரு தாளில் பதினொருவர் பெயர், தங்குமிடம், நடக்கவிருக்கும் பாதை, வழிகாட்டியின் பெயர், திரும்பும் பேருந்தின் நேரம் ஆகியவற்றை எழுதித் தலைமையாசிரியரிடம் ஒரு படியும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஒரு படியும் கொடுத்துவிடுங்கள். எத்தனை மணிக்குள் நாங்கள் வந்து சேராவிட்டால் நீங்கள் விசாரிக்கத் தொடங்கவேண்டும் என்பதையும் அதன் கடைசி வரியில் எழுதுங்கள்.