மேசைமேல் ஒரு நாடு
(மன்றத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



"இளைஞரும் பொழுதுபோக்கும்" என்னும் பொருள் பற்றிப் பேசுமாறு மன்றத்தார் எம்மைப் பணித்தனர். அது மிகப் பரந்த பொருள். ஆகவே அதில் ஒரு பொழுதுபோக்கை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அதை நடத்தும் வகையையும், நமது ஊருக்கேற்ப மாற்றிக்கொள்ளும் வகையையும், அதனால் விளையும் பயனையும் சொல்ல விரும்புகிறோம். விடுமுறை நாட்களில் வரிப்பத்தான்சேனையில் ஒரு நண்பர் வீட்டு விறாந்தையில் நாம் அறுவர் கூடி ஆடிவரும் கதைவிளையாட்டே அது. அறுவரில் மூவர் முஸ்லிம்கள், இருவர் இந்துக்கள், ஒருவர் கிறிஸ்தவர்.

விளையாட்டின் அமைப்பு எளிது. ஒருவர் கதையை நடத்துவார். ஏனையோர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்பர். "மதகுக்குப் பக்கத்தில் நிற்கிறீர்கள், இருட்டிவிட்டது, அக்கரையில் ஒரு விளக்கு அசைகிறது, என்ன செய்வீர்கள்?" என்று நடத்துபவர் கேட்பார். பாத்திரம் ஏற்றவர் விடை சொல்வார். செய்ய முனைந்த காரியம் கைகூடுமா என்பதில் ஐயம் எழுந்தால் எண் பார்த்துத் தீர்ப்பர். ஒரு கதை பல வாரம் தொடரும்; சில வேளை ஆண்டுக்கணக்கிலும் தொடரும்.

இதன் வரலாறு சுவையானது. 1824 இல் பிரஷ்ய இராணுவ அதிகாரி றைஸ்விற்ஸ் என்பவர் போர்ப்பயிற்சிக்கென ஒரு மேசை விளையாட்டை வெளியிட்டார். இரு கட்சிக்கும் நடுவே தீர்ப்புச் சொல்லும் நடுவர் ஒருவர் அதில் இருந்தார். 1969 இல் அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி என்பவர், படைகளுக்குப் பதிலாக ஆளுக்கொரு பாத்திரத்தைக் கொடுத்து ஆடச் செய்தார். அந்தக் குழுவில் இருந்த டேவ் ஆர்ன்சன் 1971 அளவில் அதை மாயக்கதை உலகத்துக்குக் கொண்டுபோனார். அவரும் கேரி கைகாக்ஸ் என்பவரும் சேர்ந்து 1974 இல் 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்ற பெயரில் மூன்று சிறு நூல்களாக விதிகளை வெளியிட்டனர். முதல் அச்சில் ஆயிரம் பிரதிகளே வெளிவந்தன. இன்று உலகெங்கும் ஆடப்படும் கதைவிளையாட்டுகளுக்கு அதுவே தாய்.

இது முற்றும் அந்நியப் பண்டமா என்று நீங்கள் கேட்கலாம். கல்முனைக்கு அருகே பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலை எண்ணிப் பாருங்கள். ஆண்டுதோறும் பதினெட்டு நாட்கள் அங்கே பாரதக் கதை நடக்கிறது. ஊர் மக்களே பாண்டவராகவும் திரௌபதையாகவும் நிற்கின்றனர். வனவாசம் போகும் நாளில் வீதியே காடாகிறது. அருச்சுனன் தவநிலை ஏறுகிறான். இறுதியில் தீமிதிப்பு. மட்டக்களப்புக் கூத்துக் களரியிலும் அண்ணாவியார் ஆளுக்கேற்ற வேடத்தைப் பார்த்துக் கொடுக்கிறார். மத்தளத்தோடு விடியவிடியக் கதையை நடத்துகிறார். வேடம் ஏற்பதும், ஒருவர் கதையை நடத்துவதும், ஊரார் கூடியிருந்து அதை உயிர்ப்பிப்பதும் நமக்குப் பழகியவையே.

ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. இவ்வுரையின் கருவும் அதுவே. பாண்டிருப்பில் தருமன் சூதாட மறுக்க முடியாது. மறுத்தால் பாரதம் இல்லை. அக்கதையின் முடிவு ஏற்கனவே வகுக்கப்பட்டது. அதனால்தான் அது வழிபாடாகிறது. மேசை விளையாட்டிலோ முடிவு வகுக்கப்படவில்லை. இங்கே நமது தருமன், "வேண்டாம், நான் ஆடமாட்டேன்" என்று எழுந்து போகலாம். அப்படி எழுந்து போனால் அடுத்து நடப்பது என்ன என்பதை அறுவரும் சேர்ந்தே கண்டுபிடிக்க வேண்டும்.

இனி, நடத்தும் முறை பற்றிச் சில சொற்கள். முதலாவது, நடத்துபவர் கதையை எழுதிவைத்துக்கொண்டு வரக்கூடாது. நிலைமையை மாத்திரம் எழுதிக்கொண்டு வரவேண்டும். யார் எங்கே இருக்கிறார், அவருக்கு என்ன தேவை, அவர் எதற்கு அஞ்சுகிறார் என்ற மூன்றும் போதும். இரண்டாவது, ஆடுவோர் நான்கு அல்லது ஐந்து பேராக இருப்பது நன்று. கூட்டம் மிகுந்தால் கூச்சமுள்ளவர் வாய் திறவார். மூன்றாவது, ஓர் அமர்வு மூன்று மணித்தியாலத்துக்கு மேற்படலாகாது. நான்காவது, செய்த காரியத்தின் பலன் பின்னர் வந்தே தீரவேண்டும். முதல் வாரம் ஒரு போடியாரை அவமதித்தவர், நான்காம் வாரம் அவர் வீட்டு வாசலில் நெல்லுக்குக் காத்து நிற்கும்படி நேரலாம். விதைத்ததை அறுக்காத கதையில் எவருக்கும் பற்று இராது.

எண் பார்க்கும் முறையிலேதான் எமது முதல் மாற்றம் அமைந்தது. மூல விளையாட்டில் இருபது முகமுள்ள பகடையை உருட்டுவர். பகடை என்றதும் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. இஸ்லாம் சூதை விலக்கியிருக்கிறது; பாரதமோ சூதால் விளைந்த கேட்டைப் பதினெட்டு நாளும் நமக்குக் காட்டுகிறது. எமது விளையாட்டில் பணயம் ஏதும் இல்லை. ஆகவே அது சூதன்று. ஆனாலும் பிறர் வீட்டில் கூடுபவர் அவ்வீட்டாரின் மனத்தை மதிக்க வேண்டும். எனவே பகடையை விட்டோம். ஒன்று முதல் இருபது வரை எழுதிய கடதாசித் துண்டுகளை ஒரு பிஸ்கட் ரின்னில் இட்டுக் குலுக்கி எடுக்கிறோம். எடுத்த துண்டை மறுபடி உள்ளே போட்டுவிட வேண்டும். இல்லையேல் கணக்குப் பிழைக்கும்.

கணக்கையும் சொல்லிவிடுகிறோம். எளிய காரியத்துக்கு 10, நடுத்தரமானதற்கு 15, கடினமானதற்கு 20 என்று இலக்கு வைப்பர். 15 ஐ எட்ட வேண்டுமானால் இருபது துண்டில் ஆறு துண்டே உதவும். அதாவது நூற்றுக்கு 30. தோழர் ஒருவர் கைகொடுத்தால் இரண்டு முறை எடுத்து, பெரிய எண்ணைக் கொள்ளலாம். அப்பொழுது வாய்ப்பு 51 ஆக உயர்கிறது. தனியாகப் போனால் மூன்றில் ஒரு பங்கும் இல்லாத வெற்றி, இருவராகப் போனால் பாதிக்கு மேல் வருகிறது. இதை நாம் உபதேசமாகச் சொல்லவில்லை. ரின்னுக்குள் இருக்கும் கணிதம் சொல்கிறது.

இரண்டாவது மாற்றம் பாத்திரங்களில் வந்தது. மூல நூலில் ஒரு தெய்வத்தை வழிபட்டு, அதன் அருளால் காயம் ஆற்றும் குருவானவர் உண்டு. கற்பனையிலேனும் வேறொரு தெய்வத்தை வணங்குவதாக நடிக்க முஸ்லிம் நண்பர்களுக்கு மனம் ஒப்பவில்லை. அதை நாம் கேலி செய்யவில்லை. குருவானவரின் இடத்தில் பரிசாரியாரை வைத்தோம். மூலிகை அறிந்த பரிசாரியாரைத் தமிழரும் முஸ்லிம்களும் தேடிப்போன வழக்கம் நம் கரையில் உண்டல்லவா? 1980 களில் அமெரிக்காவிலேயே சில கிறிஸ்தவக் குழுக்கள் இவ்விளையாட்டைப் பேய் வழிபாடு என்று கண்டித்தன. விளையாடுவோர் பிறர் மனச்சாட்சியை மதித்து விதியைத் திருத்திக்கொண்டால் அத்தகைய அச்சத்துக்கு இடமில்லை.

மூன்றாவது மாற்றம் நிலத்தில். பனிமலையும் கற்கோட்டையும் நாம் கண்டறியாதவை. எமக்குத் தெரிந்தவை இறக்காமக் குளம், வயல்வட்டை, வாய்க்கால், வேளாண்மைக்கு வந்திறங்கும் யானை. ஆகவே 'மருதவெளி' என்ற பெயரில் ஒரு நாட்டை வரைந்தோம். மேலூர், கீழூர் என இரண்டு ஊர். நடுவே ஒரு குளம். அரசன் இருக்கும் இடத்தில் வட்டை விதானை. 'கவர்ச்சி' என்று நூல் கூறும் குணத்தை 'ஊர்மதிப்பு' என்று மாற்றினோம்.

மாற்றுதல் என்பது மனம்போனபடி வெட்டுதல் அன்று. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960 களில் பேராதனையில் விடியவிடிய ஆடும் கூத்தைச் சில மணிநேர மேடைக்கு ஏற்பச் செப்பனிட்டு, 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை அரங்கேற்றினார். ஆட்டத்தையும் பாட்டையும் மத்தளத்தையும் அவர் கைவிடவில்லை, நீட்சியையே குறைத்தார். எது உயிர், எது உடை என்று அறிந்தவரே மாற்றத் தகுந்தவர். எமது விளையாட்டின் உயிர் "என்ன செய்வீர்கள்?" என்ற கேள்வி. அதைத் தொடாமல் வேறு எதையும் மாற்றலாம்.

தோழர்களே, இனிச் சொல்வதற்காகவே இவ்வளவும் சொன்னோம். கதைக்குப் பகைவர் வேண்டும். பழைய நூல்களில் பிறப்பாலேயே தீயவரான கூட்டங்கள் உண்டு. கண்டவுடன் வெட்டலாம், காரணம் கேட்க வேண்டியதில்லை. ஒரு கூட்டம் முழுவதையும் அவ்வாறு சித்திரிப்பது தகாது என்று 2020 இல் அந்நூலை வெளியிடும் நிறுவனமே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் அது நூல்களைப் பற்றிய விவாதம். அம்பாறைக் கரையில் அது நூலோடு நிற்கும் விஷயமன்று.

1990 ஆகஸ்ட் மாதத்தில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த முஸ்லிம்கள் கொல்லப்பட்டனர். அதே மாதத்தில் வீரமுனைக் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர் கொல்லப்பட்டனர். நாம் பிறப்பதற்கு முன் நடந்தவை இவை. ஆயினும் அவற்றைப் பற்றிய பேச்சு எழும்பொழுது பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவதைக் கேட்டே நாம் வளர்ந்தோம். 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில், முஸ்லிம் உணவகம் ஒன்றில் கருத்தடை மருந்து கலந்தார்கள் என்ற வதந்தி கிளம்பி, கடையும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பின்னர் அரசாங்கப் பகுப்பாய்வாளரின் பரிசோதனையில் அது வெறும் மாப்பொருள் என்று தெரியவந்தது. பரிசோதனைக்கு நாட்கள் பிடித்தன. தாக்குவதற்கு ஓர் இரவு போதுமாயிருந்தது.

ஆகவே எமது மேசைக்கு மூன்று விதிகளைச் செய்துகொண்டோம். ஒன்று: மருதவெளியில் பிறப்பால் தீயவர் எவரும் இல்லை; பகைவரின் மனக்குறையை நடத்துபவர் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடியவராய் இருக்க வேண்டும். இரண்டு: ஒவ்வோர் அமர்விலும் ஒரு வதந்திச் சீட்டு எடுக்கப்படும், அதை நம்பி உடனே இறங்கலாம், அல்லது ஒரு நாளைச் செலவழித்து விசாரிக்கலாம், அந்த ஒரு நாளுக்கும் விலை உண்டு. மூன்று: நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லோரும் எதிர்க் கட்சியின் வேடத்தை ஏற்க வேண்டும்.

ஒருமுறை வந்த சீட்டு, "மேலூரார் குளத்தில் நஞ்சு கலந்தனர்" என்பது. கரையில் மீன் செத்து மிதப்பதாக நடத்துபவர் சொன்னார். கீழூர் வேடத்தில் இருந்த இருவர் கத்தியை எடுத்தனர். மற்றவர்கள் விசாரிக்கத் துணிந்தனர். அந்த ஒரு நாளில் பூட்டிக்கிடந்த மதகால் கீழூரின் நாற்று வாடியது. முடிவில் தெரிந்தது இதுதான்: வறட்சியில் நீர் வற்றிச் சூடேற, நீரிலிருந்த பிராணவாயு குறைந்து மீன்கள் மடிந்தன. நஞ்சு இல்லை, பகைவரும் இல்லை. அன்று மேலூர்ப் பெரியவர் வேடத்தில் இருந்து குற்றச்சாட்டைக் கேட்டவர் ஓர் இந்து நண்பர். ஆட்டம் முடிந்தபின் அவர் வெகுநேரம் பேசவில்லை. பின்பு, "விளையாட்டென்று தெரிந்தும், என்னைப் பார்த்து அப்படிச் சொன்னபோது நெஞ்சு எரிந்தது" என்றார். வீட்டுக்கார நண்பரின் உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "என்ன மக்காள், இண்டைக்குச் சத்தமே இல்ல?" என்று கேட்டார். எவருக்கும் உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

மிஷன் பாடசாலையில் படித்த எமக்கு நல்ல சமாரியன் உவமையைப் பலமுறை சொல்லித் தந்தார்கள். அயலான் யார் என்று கேட்டவனுக்கு, அவன் வெறுத்த இனத்தவனையே அயலானாகக் காட்டிய கதை அது. அதைக் கேட்பது ஒன்று. அந்த வழிப்போக்கனாய் ஒரு மாலைப் பொழுது அமர்ந்திருப்பது வேறொன்று. இவ்விளையாட்டு ஊர்ப்பகையைத் தீர்த்துவிடும் என்று நாம் கூறவில்லை. காணிப் பிணக்கும் எல்லைப் பிணக்கும் மேசைமேல் தீரா. ஆனால் ஒரு வதந்தி வந்து சேரும் இரவில், "ஒரு நாள் பொறுத்து விசாரிப்போம்" என்று சொல்லும் நாவுக்கு முன்பயிற்சி வேண்டும். அப்பயிற்சியை எந்தப் பரீட்சைக்கும் எவரும் எமக்குத் தரவில்லை.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டாம். அடிப்படை விதிகள் 2023 சனவரி முதல் எவரும் இலவசமாகப் பெற்று மாற்றிப் பயன்படுத்தும் வகையில் வெளியிடப்பட்டுள்ளன. அவை ஆங்கிலத்தில் இருப்பவை. நமது தமிழில் சொல்லி நடத்துவது நமது கடன். ஒரு ரின், ஒரு கொப்பி, ஒரு பென்சில், வாரம் மூன்று மணித்தியாலம், இவ்வளவே முதல். படிப்புக் கெடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு ஒரு சொல்: கைத்தொலைபேசியில் தலை கவிழ்ந்து கழியும் மூன்று மணித்தியாலத்தையே இதற்குக் கேட்கிறோம்.

மன்றத்து நூலக அறையில் வரும் விடுமுறையிலேயே ஒரு மேசை போடுமாறு வேண்டுகிறோம். ஐந்து நாற்காலியில் இரண்டையாவது அடுத்த ஊர் நண்பருக்கென ஒதுக்கி வையுங்கள். அவர் வரும்வரை விளையாட்டைத் தொடங்காதீர்கள்.