வீட்டிலே செய்யும் மரத் தூண்டிலிரை



கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈய லம்பக் குட்டைகளிலே விராலும் தோமானும் வாழ்கின்றன. அவற்றை ஈர்க்கும் பொய் இரையை வீட்டிலேயே செய்வது குறித்து இன்று பேசுகின்றோம். பின்லாந்து மீனவர் லௌரி ராப்பாலா 1936ஆம் ஆண்டில் தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றிய மினுமினுப்புத் தாளைப் போர்த்தித் தம் முதல் இரையை உருவாக்கினார். பால்வெட்டுக் கத்தி பழகிய கைகளுக்கு இது அரிதன்று.

ரப்பர் மரம் கையருகில் இருப்பினும் கனமானது. புலாய், ஜெலுத்தோங் மரங்கள் இலேசானவை, செதுக்கவும் எளியவை. விரல் நீளத் துண்டை மீன் வடிவாகச் செதுக்கி, மணல்தாளால் தேய்த்திடுக. முள் மாட்டும் வளையத்தை மரத்தில் திருகுவதோடு நின்றுவிடலாகாது; பெரிய தோமான் இழுத்தால் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். வயிற்றுப் பக்கம் தலைமுதல் வால்வரை கீறி, துருப்பிடிக்காத ஒரே கம்பியைப் பதித்து, பசையிட்டு அடைத்திடுக. முட்கள் அக்கம்பியின் வளையங்களிலேயே தொங்கட்டும். வயிற்றில் சிறு எடையும் வைத்தால் இரை குப்புறக் கவிழாது.

பலர் அவசரப்படுவது மெருகிடும்போதுதான். நீர் புகுந்த மரம் உப்பும். வர்ணம் வெடித்து உரியும். ஆதலின் வர்ணத்திற்கு முன்பே ஒரு முறை வார்னிஷ் பூசி, நன்கு உலர்த்திடுக. வர்ணத்தின் மேல் மீண்டும் இரண்டு மூன்று பூச்சு. மழைக்காலத்தில் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் பொறுத்தல் நன்று.

செந்நிறக் குஞ்சுக் கூட்டம் நீர்மேல் தெரிந்தால், கீழே தோமான் இணை காவல் நிற்கிறது என்று அறிக. அங்கே இரை வீசினால் அது பசியாலன்று, குஞ்சைக் காக்கவே பாயும். அதைப் பிடித்துவிட்டால் குஞ்சுகளைப் பிற மீன்கள் தின்றுவிடும். அவ்விடம் விட்டு அப்பால் வீசுவோம்.