யார் பணம்? யாருக்குக் கொடுத்தாய்?



கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்குக் கொடுக்கும் பணத்தைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கின்றோம். "பங்கு வாங்கியவனுக்கல்லவா அந்தக் கவலை, நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். எல்.ஐ.சி.க்கு நீங்கள் கட்டும் தவணைப் பணத்தில் ஒரு பகுதி பெரிய கம்பெனிகளின் பங்குகளில்தான் போடப்பட்டிருக்கின்றது. ஆகவே அது உங்கள் பணமுந்தான்.

ஒரு மிராசுதாரரின் காரியஸ்தன் களத்து நெல்லில் பத்து மூட்டையை இரவோடிரவாக ஏற்றி அனுப்பிவிட்டு, "பத்து மூட்டை கொடுத்தேன், யாருக்கென்று மாத்திரம் கேட்காதீர்கள்" என்றால், மிராசுதாரர் சும்மா விடுவாரா? ஆனால் நம் தேசத்தில் சட்டமே அப்படிச் சொல்லிற்று. 2013-ம் வருஷத்துக் கம்பெனிச் சட்டப்படி, முந்திய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 100-க்கு 7½ வீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது. எந்தக் கட்சிக்கு எவ்வளவு என்று கணக்கில் காட்டவும் வேண்டும். 2017-ல் அந்த வரம்பும் போயிற்று, கட்சியின் பெயரும் போயிற்று. மொத்தத் தொகையைச் சொன்னால் போதும் என்றார்கள். 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை ஸ்டேட் பாங்கியில் வாங்கிக் கட்சிக்குக் கொடுக்கலாம். பத்திரத்தில் கொடுத்தவன் பெயர் இராது.

ஏன் இந்த இரகசியம் என்றால், ஆளுங்கட்சி பழிவாங்காதிருக்க என்றார்கள். என்ன சாமர்த்தியம்! பட்டியல் இருந்த இடமோ சர்க்கார் பாங்கி. பத்திரத்திலோ கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று இருந்தது. அப்படியானால் திரை யார் கண்ணுக்கு? பங்குதாரருக்கும், ஓட்டுப் போடும் உங்களுக்குந்தானே!

15-2-2024-ல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் ஐவரும் ஒருமனதாய் இந்த ஏற்பாடு செல்லாதென்றார்கள். அடுத்த மாதமே பட்டியல் வெளிவந்தது. அதோடு தீர்ந்தது என்று தூங்கிவிடலாமா? கொடுப்பதற்கு டைரக்டர்களின் தீர்மானம் போதும், பங்குதாரரைக் கேட்பதில்லை. டிரஸ்டின் மூலம் கொடுத்தாலோ பல கம்பெனிப் பணம் ஒன்றாய்க் கலந்து பல கட்சிகளுக்குப் போவதால், யார் பணம் யாருக்கென்பது பெரும்பாலும் விளங்குவதில்லை.

ஆகவே நாம் கேட்பது இரண்டே. கொடுக்கும் முன் பங்குதாரரைக் கேள். கொடுத்தபின் கட்சியின் பெயரையும் தொகையையும், டிரஸ்டின் வழி போனாலுங்கூட, ஊரறியச் சொல். யோக்கியமாய்க் கொடுத்தவனுக்கு இதில் நஷ்டமென்ன? கணக்குக் கேட்பது துவேஷமல்ல, தோழர்களே. கேட்காமலிருப்பதுதான் ஏமாளித்தனம்.