பிள்ளையை மாநாட்டுக்கு அனுப்புங்கள்

(காளையார்கோவிலில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியது)



தலித் எழுத்தாளர்கள் கூடும் கூட்டங்களுக்கும் மாநாடுகளுக்கும் நம் பிள்ளைகள் போக வேண்டும் என்று பேசத்தான் இங்கே நிற்கிறேன். போகக் கூடாது என்று சொல்பவர்கள் இந்த ஊரிலும் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்வதற்கு முன்னால் நம் ஜில்லாவின் பழைய கணக்கு ஒன்றைப் படித்துக் காட்டுகிறேன்.

1930 டிசம்பர். அன்றைக்கு நாமெல்லாம் ராமநாதபுரம் ஜில்லா. ஆதிக்க சாதி நாட்டார்கள் ஆதிதிராவிட மக்களுக்கு 8 தடைகள் போட்டார்கள். பொன் நகை, வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது. சட்டை, பனியன் போடக் கூடாது. கிராப்பு வெட்டக் கூடாது. மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது. பெண்கள் மார்பை மூடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை கூடாது, செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. அதுவும் போதவில்லை. 1931 ஜூனில் மறுபடி கூடி 11 தடைகள் எழுதினார்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று, ஆதிதிராவிடர் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது. அதற்கு அடுத்தது, அந்தப் பிள்ளைகள் மிராசுதார் வீட்டு மாடு மட்டும் மேய்க்க வேண்டும். இது நான் கட்டிய கதை இல்லை. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் பதிவு செய்து வைத்திருக்கிறார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தடைகளை யாரோ ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் தனியாக உட்கார்ந்து போடவில்லை. கூட்டம் போட்டுப் பேசி, கலந்து, முடிவெடுத்துப் போட்டார்கள். நம் பிள்ளை எழுதக் கூடாது என்று முடிவெடுக்க அவர்களுக்கு ஒரு கூட்டம் தேவைப்பட்டது. அப்படியிருக்க, நம் பிள்ளை எழுத வேண்டும் என்று நாம் கூடினால் மட்டும் "இலக்கியத்தில் எதற்கப்பா சாதி? எதற்குத் தனி மாநாடு?" என்று கேள்வி வருகிறது. கூடிப் பேசி நம்மை வெளியே தள்ளியவர்களிடம் முதலில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.

நான் சொல்லும் கூட்டங்கள் நேற்று முளைத்தவை அல்ல. 1958 மார்ச்சில் பம்பாயில் முதல் தலித் இலக்கிய மாநாடு நடந்தது. தொடங்கிவைத்தவர் அண்ணாபாவ் சாத்தே. பள்ளிக்கூட வாசலை மிதித்த கொஞ்ச நாளிலேயே திரும்பிவந்துவிட்டவர், கூலி வேலை பார்த்தவர். இந்தப் பூமி பாம்பின் தலையில் நிற்கவில்லை, உழைக்கிறவன் கையில்தான் நிற்கிறது என்று அவர் அங்கே பேசியதை மராத்தியில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 14 ஆண்டு கழித்து, 1972-ல், அதே பம்பாயில் நாம்தேவ் தசால், ராஜா டாலே, ஜே. வி. பவார் போன்ற எழுத்துக்காரப் பிள்ளைகள் தலித் பேந்தர்ஸ் இயக்கத்தைத் தொடங்கினார்கள். அந்தப் பெயரை அவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்களின் பிளாக் பேந்தர் கட்சியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் கறுப்பின எழுத்தாளர்களும் மாநாடு போட்டுத்தான் வளர்ந்தார்கள். 1956 செப்டம்பரில் பாரிஸ் நகரத்து சோர்போன் பல்கலைக்கழகத்தில் உலகக் கறுப்பின எழுத்தாளர்கள், கலைஞர்களின் முதல் மாநாடு. எமே செசேர், செங்கோர், ஃபிரான்ஸ் ஃபனான், ரிச்சர்ட் ரைட் எல்லாரும் ஒரே கூடத்தில் உட்கார்ந்தார்கள். அமெரிக்காவின் மூத்த அறிஞர் டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் மட்டும் வரவில்லை. அவருக்கு அமெரிக்க அரசு பாஸ்போர்ட் கொடுக்க மறுத்துவிட்டது. நான்கு நாள் பேசிக் கலைகிற கூட்டத்துக்கு எண்பது வயதைத் தாண்டிய ஒரு மனிதர் போவதை ஏன் தடுக்கிறார்கள்? அந்தக் கூட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்றால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பார்களே!

"திறமை இருந்தால் எழுத்து தானாக வெளியே வரும்" என்று ஒரு பேச்சு உண்டு. என் காதில் விழுந்த பொய்களில் இதைப் போல் நம் பிள்ளைகளைக் கெடுத்த பொய் வேறில்லை. 1962 ஜூன் மாதம் உகாண்டாவின் கம்பாலாவில், மக்கெரேரே கல்லூரியில், ஆப்பிரிக்க எழுத்தாளர்கள் மாநாடு நடந்தது. அங்கே படித்துக்கொண்டிருந்த கென்யா மாணவர் ஒருவர். அப்போது ஜேம்ஸ் கூகி என்று கையெழுத்துப் போடுவார், பிற்பாடு கூகி வா தியாங்கோ. அவர் கையில் ஒரு நாவலின் கையெழுத்துப் பிரதி இருந்தது. மாநாட்டுக்கு நைஜீரியாவிலிருந்து சினுவா அச்செபே வந்திருந்தார். மாணவர் போய் அந்தக் கட்டை நீட்டினார். அச்செபே வாங்கிப் படித்தார், பதிப்பகத்துக்குச் சொன்னார். 1964-ல் 'வீப் நாட், சைல்ட்' புத்தகமாக வந்தது. திறமை மாநாட்டுக்கு முன்பே அந்தப் பையனிடம் இருந்தது, யார் இல்லை என்றார்கள்? அதை வாங்கிப் படிக்க ஒரு மூத்தவர் கைக்கெட்டும் தூரத்தில் வந்து நின்றது மாநாட்டால்தான்.

அமெரிக்காவில் டட்லி ராண்டல் என்று ஒரு நூலகர் இருந்தார். டெட்ராய்ட் நகரம். 1965-ல் தன் சம்பளத்தில் 12 டாலரை எடுத்து, ஒற்றைத் தாளில் கவிதை அச்சடிக்கும் சின்னப் பதிப்பகம் ஒன்றைத் தொடங்கினார். பிராட்சைட் பிரஸ் என்று பெயர். அடுத்த வருடம் ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் கறுப்பின எழுத்தாளர் மாநாட்டுக்குப் போனார். அங்கே மார்கரெட் வாக்கர், ராபர்ட் ஹேடன், மெல்வின் டால்சன் ஆகிய பெரிய கவிஞர்களை நேரில் கண்டு, உங்கள் கவிதையை நான் அச்சிடலாமா என்று கேட்டார். சரி என்றார்கள். கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸுக்கு ஒரு கவிதைத் தொகுப்பு போட வேண்டும் என்ற யோசனையும் அங்கே நடந்த பேச்சில்தான் பிறந்தது. அதற்கு அடுத்த வருடத்து மாநாட்டுக்கு குவென்டலின் புரூக்ஸ் வந்தார். கறுப்பினத்தில் முதன்முதலாகப் புலிட்சர் பரிசு பெற்றவர். அங்கே வந்திருந்த இளையவர்களின் வேகத்தைப் பார்த்து மனம் மாறி, தன் பெரிய பதிப்பகத்தை விட்டுவிட்டு ராண்டலின் சின்னப் பதிப்பகத்துக்கே புத்தகத்தைக் கொடுத்தார். மாநாட்டில் கற்றுக்கொள்கிறவர்கள் இளையவர்கள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள்.

நம் மண்ணுக்கு வருவோம். இங்கிருந்து ரொம்பத் தூரம் இல்லை, இளையான்குடிப் பக்கம் மாரந்தை. கே. ஏ. குணசேகரன் அங்கே பிறந்தவர். பாடகர், நாடகக்காரர், புதுச்சேரிப் பல்கலைக்கழகப் பேராசிரியராகவும் உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் இருந்தவர். 'வடு' என்று தன் வரலாறு எழுதினார். இளையான்குடியில் முஸ்லிம் மக்களோடு பழகியபோது தீண்டாமை குறுக்கே வராததையும், சுற்றியிருந்த கிராமங்களுக்குள் கால் வைத்ததும் அது வந்து மறித்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 'வடு'வைப் படிக்காத வீடு சிவகங்கை மாவட்டத்தில் இருக்கக் கூடாது என்பது என் ஆசை. கவிஞர் இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' பாட்டை மேடை மேடையாகக் கொண்டுபோனது குணசேகரனின் குரல். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் தலித் ஆதார மையம் நடத்திய கலைவிழாக்களைப் பார்த்தவர்கள் இங்கே சிலர் இருப்பீர்கள். பறையும் நாடகமும் கதையும் வாதமும் ஒரே வளாகத்தில். 1990-களில் நம் எழுத்து எழுந்து நின்ற காலம் அது. பாமாவின் 'கருக்கு' 1992-ல் வந்தது. அதற்கு முன்பே சிவகாமியின் 'பழையன கழிதலும்' வந்துவிட்டது. 1994-ல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்'. பண்பாடு என்ற பெயரில் எதை நம் தலையில் ஏற்றினார்கள் என்று ராஜ் கௌதமன் கட்டுரை கட்டுரையாகப் பிரித்துப் போட்டார். மராத்தி தலித் எழுத்தும் கறுப்பின எழுத்தும் சிற்றிதழ்களில் தமிழாகி வந்தன. இவர்களில் ஒருவர் எழுதினால் இன்னொருவர் படித்தார், சண்டை போட்டார், பதில் எழுதினார். இப்போது சில ஆண்டுகளாக ஏப்ரல் மாதத்தில் நீலம் பண்பாட்டு மையம் நடத்துகிற வேர்ச்சொல் தலித் இலக்கியக் கூடுகை அந்த வேலையைச் செய்கிறது. நம் பிள்ளைகளுக்கு இன்று வாசல் திறந்திருக்கிறது. போவதற்கு என்ன தயக்கம்?

அங்கே போனால் என்ன நடக்கும் என்று நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். மேடையில் நடப்பது பாதி. மீதி மதியச் சாப்பாட்டு வரிசையில் நடக்கிறது. தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு கல்லூரிப் பெண்ணிடம், முன்னால் நின்ற வயதான எழுத்தாளர் "நீ என்னம்மா எழுதுற?" என்று கேட்டார். அவள் கூச்சத்தோடு பையிலிருந்து ரெக்கார்டு நோட்டை எடுத்தாள். பின்பக்கத்திலிருந்து தலைகீழாக எழுதிய கதை. முன்பக்கம் விலங்கியல் படம். அவர் சாம்பார் ஊற்ற வந்தவரை "கொஞ்சம் இருய்யா" என்று நிறுத்திவிட்டு, நின்ற இடத்திலேயே இரண்டு பக்கம் படித்தார். "உங்க அம்மா பேச்சு நல்லா வந்திருக்கு. ஆனா மூணாவது பாராவுல வாத்தியார் பேசுறாரு, அவரை வெளிய அனுப்பு" என்றார். அந்தப் பெண் தமிழ் வகுப்பில் எத்தனை வருடம் உட்கார்ந்திருந்தாலும் அந்த ஒரு வாக்கியம் கிடைத்திருக்காது. ஏனென்றால் வகுப்பில் அவளுடைய அம்மாவின் பேச்சையே கொச்சை என்றுதான் திருத்துவார்கள். இவர் அதைத் தொடவில்லை. கதைக்குள் நுழைந்த அந்நியக் குரலை மட்டும் பிடித்தார்.

வேறு கூட்டங்களில் நம் பிள்ளை கதை வாசித்தால் முதல் கேள்வி, "இப்படியெல்லாம் இப்போ நடக்குதா?" பிள்ளை கதையை விட்டுவிட்டுச் சாட்சி சொல்லத் தொடங்கும். தேர் வடம் தொடுவதற்காகக் கண்டதேவியில் எத்தனை வருடம் கோர்ட்டுக்கு நடந்தோம் என்று சொல்லும். 2018 மே 28 இரவில் கச்சநத்தத்தில் நடந்த சாதி வெறித் தாக்குதலில் மூன்று உயிர் போனதையும், 27 பேருக்கு ஆயுள் தண்டனை வர நான்கு வருடம் ஆனதையும் சொல்லும். சொல்லி முடிப்பதற்குள் நேரம் போய்விடும். கதை நல்ல கதையா, வடிவம் நிற்கிறதா, முடிவு சரியா என்று ஒருவரும் பேசியிருக்க மாட்டார்கள். நம் கூட்டத்தில் அந்தச் சாட்சி தேவையில்லை. எல்லோருக்கும் தெரியும். எடுத்த எடுப்பில் கதையைப் பற்றிப் பேச்சு வரும். எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

"போனால் தலித் எழுத்தாளர் என்று முத்திரை குத்திவிடுவார்கள்" என்று பயப்படுகிறார்கள். அந்த அடையாளம் தனக்கு வேண்டாம் என்று பூமணி சொல்லியிருக்கிறார், இமையம் சொல்லியிருக்கிறார். இருவரும் சாகித்திய அகாதெமி விருது பெற்ற பெரிய எழுத்தாளர்கள். அவர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். உங்கள் பிள்ளையும் நாளை அப்படிச் சொல்லலாம், தாராளமாகச் சொல்லட்டும். ஆனால் அந்த வாதத்தை அந்தக் கூடத்தில் எழுந்து நின்று சொல்லட்டும். நூறு பேர் எதிர்த்துப் பேசுவார்கள். அந்த எதிர்ப்பில் அவனுடைய சிந்தனை கூர்மையாகும். வீட்டில் உட்கார்ந்து பயந்துகொண்டு எடுக்கிற முடிவுக்கு அந்த மதிப்புக் கிடையாது.

சண்டையும் மாநாட்டின் பயன்தான். பாரிஸ் மாநாட்டில் ரிச்சர்ட் ரைட், மேடையில் பெண்கள் எங்கே என்று வெளிப்படையாகக் கேட்டார். மக்கெரேரே மாநாட்டால் எழுத்தாளராகி வெளியே வந்த அதே கூகி, ஆங்கிலத்தில் எழுதியவர்களை மட்டும் அழைத்தீர்களே, ஆப்பிரிக்க மொழிகளில் எழுதியவர்கள் எங்கே என்று பிற்காலத்தில் அந்த மாநாட்டையே கேள்விக்குள்ளாக்கினார். கேட்டதோடு நிற்காமல் தன் தாய்மொழியான கிக்கூயுவில் நாவல் எழுதப் போனார். நம் பிள்ளைகளும் போய்க் கேட்க வேண்டும். அருந்ததியர் பிள்ளைகள் எத்தனை பேர் மேடையில்? பெண்கள் எத்தனை பேர்? காளையார்கோவில் மாதிரியான ஊர்களிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர், எல்லாம் சென்னைக்காரர்தானா? போகாதவன் இதைக் கேட்க முடியாது.

இந்த ஊரைப் புறநானூற்றிலேயே பாடியிருக்கிறார்கள். கானப்பேர் எயில் என்று ஐயூர் மூலங்கிழார் இதன் ஆழ்ந்த அகழியையும் வானளாவிய மதிலையும் பாடினார். சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் 1772-ல் விழுந்த மண் இது. மருது சகோதரர்கள் துயில்கிற மண். ஒவ்வொரு அக்டோபரிலும் இந்த வரலாறு மைக்கில் முழங்குகிறது. இதே மண்ணின் சேரித் தெருக்களில் 1931-ல் சட்டை கழற்றச் சொன்னபோது நம் தாத்தன் என்ன செய்தான், மாராப்பை இழுத்தபோது நம் பாட்டி என்ன சொன்னாள் என்று எழுத வேண்டியவர்கள் இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஹட்டன் தடைகளை எழுதி வைத்தார். அந்தத் தடைகளோடு வாழ்ந்து தீர்த்தவர்களின் கதை கிழவிகளின் வாயில் கிடக்கிறது. அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

பெற்றோரே, உங்களிடம் தனியாக ஒன்று கேட்கிறேன். நீட் கோச்சிங், போலீஸ் செலக்சன் என்றால் நகையை அடகு வைத்து அனுப்புகிறீர்கள். அனுப்ப வேண்டியதுதான், வேலை வேண்டும். அதே பிள்ளை இரண்டு நாள் எழுத்தாளர் கூட்டத்துக்குப் போகிறேன் என்றால் "சோறு போடுமா?" என்கிறீர்கள். பெண் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். சிவகங்கையில் ராத்திரி ரயில் ஏறினால் விடிகிறபோது சென்னை. துணைக்கு ஆள் நாங்கள் வருகிறோம். 1931-ல் எழுதாதே என்று சொன்னவர்கள் வெளியே இருந்தார்கள். இன்றைக்கு அதையே நம் வீட்டுக்குள்ளிருந்து நாம் சொல்லலாமா?

தம்பிகளே, தங்கைகளே, போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். பத்துப் பக்கமாவது தெளிவாக எழுதி, பெயரும் போன் நம்பரும் போட்டு, இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்தாளரோடு செல்பி எடுத்துக்கொள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு அந்தக் கட்டை அவர் கையில் கொடுங்கள். பதிப்பகக் கடையில் நின்று ராயல்டி எப்படித் தருவீர்கள், ஒப்பந்தம் போடுவீர்களா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். பக்கத்து ஊர்க்காரன் ஒருவனையாவது சிநேகம் பிடித்து வாருங்கள், மாதம் ஒருமுறை ஒருவர் எழுதியதை ஒருவர் படிப்பதற்கு.

கூட்டம் முடிந்ததும் புத்தக மேசையில் இருக்கிற தோழரிடம் பெயர் கொடுங்கள். வழிச்செலவுக்கு வசூல் பெட்டி அங்கேயே இருக்கிறது. எழுத வராதவர்கள் அதில் பணம் போடுங்கள். எழுத வருகிறவர்கள், பணம் இல்லை என்ற காரணத்துக்காக ஒருவரும் நின்றுவிடாதீர்கள்.