கொக்கிரகுளத்துச் சேதி

தோழர்களே, இந்த வண்ணார்பேட்டைக்குப் பக்கத்தில்தான் கொக்கிரகுளம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்த சனத்தைப் போலீஸ் ஆத்துக்குள் விரட்டி அடித்தது. 17 பேர் செத்தார்கள். 'தண்ணில முங்கிச் செத்தாங்க' என்றது அரசுத் தரப்பு. லத்தி ஓங்கியதைக் கேமரா பார்த்திருந்தது, ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' அதை ஊர் ஊராகக் கொண்டுபோனது.

மாஞ்சோலைத் தேயிலை தடையில்லாமல் சந்தைக்குப் போச்சு. பறித்தவளின் கூலிக் கேள்விக்கோ கலெக்டர் ஆபீஸ் வாசலே எட்டவில்லை. இதுதானய்யா உலகமயம்! 2001-இல் டர்பன் மாநாட்டில் தலித்துகள் சாதியைப் பேச வைத்தார்கள். வேண்டாமென்று எதிர்த்தது இந்திய அரசு.

இன்றைக்கு எல்லார் கையிலும் கேமரா இருக்கு. சாதிப்பெருமை வீடியோவும் அதே போனில்தான் நம்ம பிள்ளைகளைத் தேடி வருது. மாணவர்களே, ஆத்தங்கரையில் தப்பியவர்கள் பேச்சைப் பதியுங்கள். இந்தி, இங்கிலீஷ் எழுத்துப் போட்டு அனுப்புங்கள். அவங்களுக்கு வயசாயிட்டு வருது.