மின்பேருந்தும் வேலைவாய்ப்பும்

(பொருளாதார மாணவர்களும் இளம் அலுவலர்களும் கலந்துகொண்ட கருத்தரங்கு ஒன்றில் நிகழ்த்திய உரை)



சொந்த வாகனம் இல்லாதவரின் வாகனம் பேருந்து. கூலி வேலைக்குச் செல்பவர், கல்லூரிக்குச் செல்லும் மாணவி, மருத்துவமனைக்குச் செல்லும் முதியவர் ஆகியோர் அதனையே நம்பியுள்ளனர். நாடு முழுவதிலும் அரசுப் போக்குவரத்துக் கழகங்களின் வசம் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேருந்துகள் உள்ளன. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை டீசலில் ஓடுபவை. டீசலுக்கு மூலமான கச்சா எண்ணெயில் 85 விழுக்காட்டுக்கும் மேல் நாம் அந்நியச் செலாவணி கொடுத்து இறக்குமதி செய்கிறோம். 2070ஆம் ஆண்டுக்குள் நிகரக் கரிம வெளியீட்டைச் சுழியமாக்குவோம் என்று 2021இல் கிளாஸ்கோ மாநாட்டில் உலகிற்கு உறுதியும் அளித்துள்ளோம். ஆகவே மின்பேருந்துக்கு மாறுவது பற்றி இருவேறு கருத்துக்கு இடமில்லை.

ஆயினும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. இதனால் கரிமம் எவ்வளவு குறையும்? யாருக்கு வேலை கிடைக்கும், யாருடைய வேலை போகும்? முதற் கேள்விக்குப் பொறியாளரும், இரண்டாவதற்குத் தொழிற்சங்கத்தாரும் தனித்தனியே விடை கூறி வருகின்றனர். இவ்விரண்டையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்ப்பதே இன்றைய என் முயற்சி. இங்கு நான் கூறுவன என் சொந்தக் கருத்துகளே.

தில்லி தந்த பாடம்

நகரப் பேருந்துகளின் எரிபொருளை மாற்றுவது நமக்குப் புதிதன்று. தில்லியின் பேருந்துகள் அனைத்தும் 2001 மார்ச் 31க்குள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1998இல் ஆணையிட்டது. அந்த நாள் வந்தபோது போதிய எரிவாயுப் பேருந்துகளும் இல்லை, போதிய எரிவாயு நிலையங்களும் இல்லை. அப்போது தில்லியில் இளம் அலுவலனாக இருந்த நான், ஏப்ரல் மாதத்து வெயிலில் நிறுத்தத்தில் காத்து நின்றவர்களுள் ஒருவன். என்னுடன் நின்றவர்களில் பலர் நாட்கூலி பெறுவோர். ஒரு மணி நேரம் தாமதமானால் எனக்கு மேலதிகாரியின் முகச்சுளிப்பு, அவர்களுக்கோ அன்றைய கூலியே இல்லை.

மாற்றம் 2002இன் இறுதியில் ஒருவாறு நிறைவேறிற்று. அது செய்ய வேண்டிய காரியமே என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வண்டி, எரிபொருள் நிலையம், பயிற்சி பெற்ற தொழிலாளி ஆகிய மூன்றும் ஒருசேர வராவிடில் நல்ல கொள்கையின் செலவை எளியவனே சுமக்க நேரும் என்பதை அந்த ஏப்ரல் மாதம் எனக்குக் கற்பித்தது.

கணக்கு காட்டும் உண்மை

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளியாகும். குளிர்சாதன வசதியுள்ள நகரப் பேருந்து லிட்டருக்கு 3 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். அப்படியானால் கிலோமீட்டருக்கு 0.9 கிலோ. அதே அளவுள்ள மின்பேருந்து கிலோமீட்டருக்கு 1.2 யூனிட் மின்சாரம் எடுத்துக்கொள்வதாகக் கொள்வோம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சாரம் உற்பத்தியாகும்போது சராசரியாக 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. அப்படியானால் கிலோமீட்டருக்கு 0.84 கிலோ. புகை நகரத் தெருவிலிருந்து நீங்குகிறது. மக்களின் நுரையீரலுக்கு இது பெரும் நன்மை. ஆனால் கரிமக் கணக்கில் இன்றைய வேறுபாடு சிறியதே. 2025இல் நம் மின் நிறுவுதிறனில் பாதி புதைபடிவ எரிபொருள் சாராததாக ஆகிவிட்ட போதிலும், உற்பத்தியாகும் மின்சாரத்தில் 70 விழுக்காட்டுக்கும் மேல் நிலக்கரியிலிருந்தே கிடைக்கிறது. சூரிய சக்தியும் காற்றாலையும் பெருகப் பெருக இவ்வேறுபாடு ஆண்டுதோறும் விரியும்.

இன்றே கிடைக்கக்கூடிய பெரிய ஆதாயம் வேறிடத்தில் உள்ளது. மேற்கூறிய மின்பேருந்தில் 40 பேர் பயணம் செய்தால் ஒருவருக்குக் கிலோமீட்டருக்கு 21 கிராம் மட்டுமே ஆகிறது. லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடும் மோட்டார் சைக்கிளில் ஒருவர் தனியே சென்றால் ஏறத்தாழ 50 கிராம். அவரை நம்பகமான பேருந்தில் ஏற்றிவிட்டால் அவருடைய பயணத்தின் கரிமம் பாதிக்கும் கீழே இறங்குகிறது. எனவே பேருந்தின் எந்திரத்தை மாற்றுவது எவ்வளவு முக்கியமோ, அதைவிடப் பேருந்துகளின் எண்ணிக்கையைப் பெருக்குவது முக்கியமாகும்.

மாற்றுப் பேருந்தா, கூடுதல் பேருந்தா?

வேலைவாய்ப்புக் கணக்கும் இதே இடத்திற்குத்தான் நம்மை இட்டுச் செல்கிறது. மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் ஒப்புதல் அளித்த பி.எம். இ-பஸ் சேவா திட்டம் 10,000 மின்பேருந்துகளை நகரங்களுக்கு வழங்குவதாகும். மதிப்பீடு ரூ. 57,613 கோடி. இதில் மத்திய அரசின் பங்கு ரூ. 20,000 கோடி. இத்திட்டத்தால் 45,000 முதல் 55,000 பேர் வரை நேரடி வேலை பெறுவர் என்று அரசு மதிப்பிட்டது. அதாவது பேருந்துக்கு ஏறத்தாழ ஐந்து பேர். நம் போக்குவரத்துக் கழகங்களில் நெடுங்காலமாக நிலவி வரும் பணியாளர் விகிதமும் ஏறத்தாழ இதுவே. ஆக, இவ்வேலைகளில் பெரும்பகுதி பேருந்தைச் செய்வதால் அன்று, பேருந்தை ஓட்டுவதால் பிறப்பது என்பது புலனாகும்.

இதிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. பழைய டீசல் பேருந்து ஒன்றைக் கழித்துவிட்டு அதனிடத்தில் ஒரு மின்பேருந்தை விட்டால் நிகரமாக வேலை கூடுவதில்லை. பேருந்தே இல்லாத தடத்தில் ஒன்றை விட்டால் ஐந்து குடும்பங்கள் பிழைக்கின்றன, கரிமமும் மிகுதியாகக் குறைகிறது. சூழல் நோக்கும் வேலை நோக்கும் கைகோக்கும் இடம் கூடுதல் பேருந்தே. முறையான பேருந்துச் சேவை இல்லாத நகரங்களுக்கு முன்னுரிமை என்று மேற்படித் திட்டம் விதித்திருப்பது இவ்வகையில் பாராட்டத்தக்கது. ஆனால் பல இடங்களில் புதிய பேருந்து வந்து சேரும் வேகத்தைவிடப் பழைய பேருந்து ஆயுள் முடிந்து விலகும் வேகம் மிகுதியாக இருப்பதையும் நாம் மறைக்கலாகாது.

ஒப்பந்தமே கொள்கை

மின்பேருந்தின் விலை டீசல் பேருந்தின் விலையைப்போல் இரு மடங்குக்கும் மேற்பட்டது. எனவே கழகங்கள் அதனை விலைக்கு வாங்காமல், கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று நிறுவனத்திற்குத் தந்து ஓட்டச் செய்யும் முறை பரவியுள்ளது. 2022இல் ஐந்து பெருநகரங்களின் தேவையை ஒன்றுசேர்த்து 5,450 பேருந்துகளுக்கு ஒரே ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டபோது, 12 மீட்டர் பேருந்துக்குக் கிலோமீட்டருக்கு ரூ. 43.49 என்ற குறைந்த விலை கிடைத்தது. தேவையை ஒன்றுதிரட்டினால் விலை இறங்கும் என்ற பாடநூல் விதி நடைமுறையில் மெய்ப்பிக்கப்பட்டது.

ஆனால் கழகங்கள் உரிய காலத்தில் பணம் தருமா என்ற ஐயத்தால், பின்னர் வந்த பெரிய ஒப்பந்தங்களில் கலந்துகொள்ள உற்பத்தியாளர்கள் சிலர் தயங்கினர். இத்தயக்கத்தைப் போக்கவே 2024 செப்டம்பரில் ரூ. 3,435 கோடி மதிப்பில் பணப் பாதுகாப்பு ஏற்பாடு ஒன்றுக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. இதனை வெறும் நிதி ஏற்பாடாகக் கருதலாகாது. ஆண்டுக்கு எத்தனை பேருந்து தேவைப்படும், பணம் என்று வரும் என்பது தெரிந்தால்தான் தொழிலதிபர் பட்டறை அமைப்பார், தொழிலாளியை நிரந்தரமாக வைத்துக்கொள்வார்.

கூண்டும் மின்கலமும்

மின்பேருந்தின் விலையில் கணிசமான பகுதி பேட்டரிக்கு உரியது. அதனுள் உள்ள மின்கலங்கள் இன்றும் பெரும்பாலும் இறக்குமதியாகின்றன. உள்நாட்டில் 50 கிகாவாட்-மணி அளவுக்கு மின்கல உற்பத்தித் திறனை உருவாக்க 2021இல் ரூ. 18,100 கோடியில் ஊக்கத்திட்டம் அறிவிக்கப்பட்டது. பணி எதிர்பார்த்ததைவிட மெதுவாகவே நடந்து வருகிறது. 2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம் வாகனத் தொழில் தடுமாறியது. எண்ணெய்க்குப் பிறரை நம்பியிருந்த நிலை மாறி, மின்கலத்திற்கும் காந்தத்திற்கும் பிறரை நம்பியிருக்கும் நிலை வருவது தன்னிறைவு ஆகாது.

ஆயினும் மின்கல ஆலை பெருமளவு தானியங்கி முறையில் இயங்குவது. அதில் முதலீடு மிகுதி, ஆள் குறைவு. ஆட்களுக்கு வேலை தருவது கூண்டு கட்டும் தொழிலே. தமிழ்நாட்டில் கரூர் இதற்குப் பெயர் பெற்ற ஊர். அடிச்சட்டம் மட்டும் வாங்கி வருபவருக்கு வெல்டர், தகடு வேலை செய்பவர், இருக்கை தைப்பவர், வண்ணம் பூசுபவர் எனப் பலர் சேர்ந்து பேருந்தை உருவாக்கித் தருகின்றனர். மின்பேருந்தோ பெரும்பாலும் ஆலையிலிருந்தே முழு வண்டியாக வெளிவருகிறது. இம்மாற்றம் தொடருமானால் சிறு பட்டறைகளின் கதி என்னவாகும் என்பதை இப்போதே சிந்திக்க வேண்டும். கூண்டுக்கான தரவிதிகளை நிறைவு செய்யும் பட்டறைகள் பெரிய உற்பத்தியாளரின் துணை ஒப்பந்தக்காரராகச் சேர வழியிருக்க வேண்டும். பாதுகாப்புத் தரத்தைத் தளர்த்த வேண்டியதில்லை. தரத்தை எட்டுவதற்கான சோதனை வசதியையும் கடனுதவியையும் அவர்கள் கைக்கெட்டும்படி செய்தாலே போதும்.

பணிமனையில் கேட்ட கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாநிலத் தலைநகரில் பணிமனை ஒன்றைப் பார்வையிட்டேன். முப்பது ஆண்டுகள் பணியாற்றிய மெக்கானிக் ஒருவர் புதிதாக வந்திருந்த மின்பேருந்தின் அருகே நின்றிருந்தார். எஞ்சின் ஓசையைக் கேட்டே பழுது எங்கே என்று சொல்லக்கூடியவர் என்று அவரைப் பற்றிக் கூறினர். அவர் என்னிடம் கேட்டார்: “ஐயா, இந்த வண்டி சத்தமே போடவில்லை. நான் எதைக் கேட்டுப் பழுது பார்ப்பது?” பழுது பார்ப்பது நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தது. அவருக்கு என்ன பொறுப்பு என்று எங்கும் எழுதப்படவில்லை. அன்று அவருக்குத் தக்க விடை கூற என்னால் இயலவில்லை.

இன்று அவ்விடையைத் தர முயல்கிறேன். ஒப்பந்தம் எழுதும்போதே பணிமனையின் தற்போதைய தொழிலாளருக்கு உயர் அழுத்த மின்சாதனப் பயிற்சி அளிப்பதும், தேர்ச்சி பெற்றவருக்குப் பராமரிப்பில் இடமளிப்பதும் நிபந்தனையாக வேண்டும். பேருந்து வருவதற்கு ஆறு மாதம் முன்பே பயிற்சி தொடங்க வேண்டும். ஓட்டுநர்களின் ஊதியமும் பணி நேரமும் ஒப்பந்தத்தில் தெளிவாக இடம்பெற வேண்டும். கிலோமீட்டர் விலையைக் குறைக்கும் போட்டி அவர்களுடைய ஊதியத்தைக் குறைக்கும் போட்டியாக ஆகிவிடலாகாது.

நண்பர்களே, உங்களுள் சிலர் நாளை இத்தகைய ஒப்பந்தங்களின் கோப்புகளைக் கையாளப் போகிறீர்கள். கோப்பில் விலை ஒரு பக்கத்தில் இருக்கும். அதனை அனைவரும் பார்ப்பர். பேருந்து கூடுதலா மாற்றா, பணம் என்று தரப்படும், கூண்டு எங்கே கட்டப்படும், பழைய தொழிலாளி எங்கே நிற்பார் என்ற நான்கு கேள்விகளுக்கும் அதே கோப்பில் விடை உள்ளதா என்று தேடிப் பாருங்கள். இல்லையேல் கோப்பைத் திருப்பி அனுப்பத் தயங்காதீர்கள். அதனால் ஏற்படும் சில வாரத் தாமதத்தை நாடு தாங்கிக்கொள்ளும்.