பருப்பு வேகாத தண்ணியும் பிளாஸ்டிக் தூளும்



போன வருஷம் மிளகாய்க்கு விரித்த பிளாஸ்டிக் மூடாக்குத் தாளை, காய்ப்பு முடிந்ததும் நான் சுருட்டி எடுக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை என்று எனக்கு நானே சாக்குச் சொல்லி, அப்படியே உழுதுவிட்டேன். வெயிலில் காய்ந்த தாள் அப்பளம் மாதிரி நொறுங்கிப் போச்சு. அடுத்த மழையில் வரப்பு உடைந்து, வயல் தண்ணி கிணற்றில் இறங்கியது. மறுநாள் இறைத்த குடத்தில் கருப்புத் துணுக்குகள் மிதந்தன. அம்மா துணி போட்டு வடிகட்டினார்கள். கண்ணுக்குத் தெரிந்தது துணியில் நின்றுவிட்டது. தெரியாதது?

ஐந்து மில்லிமீட்டருக்குக் குறைந்த துணுக்கை நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். இதில் ரொம்பப் பொடியானது கண்ணுக்கே படாது. 2024-ல் இத்தாலி மருத்துவர்கள், கழுத்து ரத்தக்குழாய் அடைப்பை அறுவை செய்து எடுத்த 257 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் 150 பேரின் அடைப்பில் பாலித்தீன் இருந்தது. பிளாஸ்டிக் இருந்தவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் சாவும் மற்றவர்களைவிட அதிகம். பிளாஸ்டிக்கால்தான் வந்தது என்று இன்னும் நிரூபணம் ஆகவில்லை. ஆனாலும் தெரிந்தே குடிக்க மனசு வருமா?

'பாட்டில் தண்ணி வாங்கிக்கிறேன்' என்பீர்கள். அமெரிக்காவில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் சோதித்த பாட்டில் தண்ணியில் லிட்டருக்குச் சராசரி 2,40,000 துணுக்குகள்!

வீட்டிலேயே ஒரு வழி இருக்கு. சீனாவில் குவாங்சோ நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2024-ல் வெளியிட்டது. தண்ணியை ஐந்து நிமிஷம் கொதிக்க வைத்து, ஆறவிட்டு, வடிகட்ட வேண்டும். அவ்வளவுதான். கொதிக்கும்போது தண்ணியில் உள்ள சுண்ணாம்புச் சத்து வெள்ளையாகத் திரிகிறது அல்லவா, அது பிளாஸ்டிக் தூளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு படிகிறது. லிட்டருக்கு 300 மில்லிகிராம் சுண்ணாம்பு இருந்த தண்ணியில் 90 சதவீதம் வரை நீங்கியது. மென்மையான தண்ணியில் கால் பங்குதான்.

ஆகவே, பருப்பு வேகலை, சோப்பு நுரைக்கலை என்று நாம் திட்டுகிற தண்ணிக்குத்தான் இது நன்றாகப் பலிக்கும். பானை அடியில் வெள்ளைப் பொருக்குக் கட்டுதா என்று பாருங்கள். கட்டினால் உங்கள் தண்ணி தோது. மழைத் தண்ணியில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். வடிகட்ட நாலு மடிப்புப் பருத்தித் துணி போதும். பாலியஸ்டர் புடவைத் துண்டு வேண்டாம், அதுவே பிளாஸ்டிக் நூல். அடியில் நிற்கும் மண்டியைக் கலக்காமல் மேல் தண்ணியை மட்டும் சாய்த்து ஊற்றுங்கள். மண்டியைக் கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள்.

இன்னொரு சேதி. வெல்லம் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும், கொப்பரையில் வெண்டைத் தண்டின் வழுவழுப்புச் சாற்றை விட்டால் அழுக்கு திரண்டு மேலே வரும். அதே வழுவழுப்பை வைத்து அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ரஜனி சீனிவாசன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் 2025-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வெண்டைக்காய், வெந்தயம் இரண்டையும் ஊறவைத்து, சாற்றைப் பொடியாக்கி, லிட்டருக்கு ஒரு கிராம் போட்டார்கள். ஒரு மணி நேரத்தில் வெந்தயம் 93 சதவீதமும், வெண்டை 67 சதவீதமும் தூளைத் திரட்டி அடியில் தள்ளியது. இங்கே ஆழ்குழாய்த் தண்ணிக்கு இதைக் கேட்டவுடன் ஒரு கைப்பிடி வெந்தயத்தைக் குடத்தில் போட்டுவிடாதீர்கள். அது ஆய்வுக்கூடக் கணக்கு. வெந்தயம் ஊறிய தண்ணி மறுநாளே புளித்துவிடும். இப்போதைக்குக் கொதிக்க வைப்பதுதான் நமக்குக் கைகூடும் வேலை.

தாள் விரித்தவர்கள் கடைசிப் பறிப்பு முடிந்த வாரமே, நொறுங்குவதற்கு முன் சுருட்டிவிடுங்கள். கொளுத்தவும் கூடாது. நான் இந்த வருஷம் கரும்புத் தோகையைத்தான் மூடாக்குப் போட்டிருக்கிறேன். களை கொஞ்சம் வருகிறது, பிடுங்கிக்கொள்ளலாம்.